மகளின் மடியில் வைத்த கையெழுத்து

அம்மன் பிள்ளைகளே, போன தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை என் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து இரண்டு காகிதம் கொண்டுவந்தாள். அந்த இரண்டு காகிதத்தால் எங்கள் வீட்டில் மூன்று வாரம் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அதை நம் அம்மன் எப்படித் தீர்த்துவைத்தாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் கோயில் தமிழ் வகுப்பில் நாலு வருடம் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பர்மாவில், பட்டணத்துக்கு எதிர்க்கரையில் டாலாவில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஆற்றுக்கு அக்கரையில் போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்கினவர். மூன்று வருடத்துக்கு முன்னால் மழையில் பலகை வழுக்கி, மூட்டையோடு விழுந்து முதுகு போய்விட்டது. இப்போது ஒரு கிடங்கு வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார். நான் வீட்டில், பர்மாக்காரர் இடுப்பில் கட்டுகிற லொஞ்சி மூட்டி, ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் சு சு. வீட்டில் மாரி.

அவள் படித்தது அக்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். இந்த வருடம் அங்கே ஒரு புது விதி போட்டார்கள். கடைசி வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் மேல்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமலே பல பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுகிறார்களாம். அதனால்தான் இந்த விதி. உதவி வேண்டாம் என்றால், வேண்டாம் என்று இன்னொரு காகிதத்தில் எழுதித் தர வேண்டும். இரண்டில் ஒன்று போய்ச் சேராவிட்டால் பள்ளி முடித்த சான்றிதழ் இல்லை. இரண்டு காகிதத்திலும் கீழே பெற்றவர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது.

மாரிக்கு நர்ஸ் படிப்பு படிக்க வேண்டும் என்று ஆசை. அப்பா விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்த ஆசை அது. உதவித்தொகை இல்லாமல் அது நடக்காது. அவள் விண்ணப்பக் காகிதத்தை என் தையல் மெஷின் மேல் வைத்து, "அம்மா, இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்றாள்.

"அதெல்லாம் வேண்டாம்மா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டாள். நான் தலையைத் தூக்காமல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதை உங்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அவளுக்குச் சொல்லவில்லை. அவள் அப்பாவுக்கும் சொன்னதில்லை.

பதினாறு வருடத்துக்கு முன்னால், மாரி ஒன்றரை வயதுக் குழந்தை. காய்ச்சல் வந்து இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் கண் மேலே சொருகிவிட்டது. "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். அப்போது அம்மனுக்கு மடிப்பிச்சை எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மஞ்சள் சேலை கட்டி, செருப்பில்லாமல், முந்தானையை ஏந்திக்கொண்டு ஏழு வீட்டு வாசலில் நிற்க வேண்டும். இருக்கிறவராக இருந்தாலும் இல்லாதவராக இருந்தாலும் பிச்சை எடுக்கத்தான் வேண்டும். குழந்தையை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, ஆற்றைக் கடந்து வந்து, எங்கள் தெருவிலேயே எடுத்தேன்.

பர்மாக்கார வீடுகளிலும் நின்றேன். தினமும் காலையில் புத்தபிக்குகளுக்குச் சோறு போடுகிற ஜனங்கள் அல்லவா. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. தெருமுனையில் மொஹிங்கா மீன்குழம்பு விற்கிறவர், கொதிக்கிற பானையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து, இரண்டு கையாலும் அரிசி போட்டார்.

அந்த அரிசியைக் கோயிலில் பொங்கலாக வைத்தேன். அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயில் வந்தது. "தாயே, இதுவே கடைசி. என் பிள்ளையை மட்டும் கொடுத்துவிடு. இனி என் ஆயுசுக்கும் யார் முன்னாலும் எதுக்கும் மடியேந்த மாட்டேன்." அம்மன் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அந்த நேரத்தில் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருந்தது?

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அன்று முதல் அவளை மாரி என்று கூப்பிடுகிறோம்.

அந்த வாக்கை நான் பதினாறு வருடம் காப்பாற்றினேன். வீட்டுக்காரர் விழுந்தபோதுகூட ஒருவரிடம் போய் நிற்கவில்லை. காதில் கிடந்தது போயிற்று, மூக்கில் கிடந்தது போயிற்று, கேட்டு மட்டும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கறி கொண்டுவந்தால் பாத்திரத்தில் ஏதாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். ஜனங்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பயம். வாக்கு உடைந்தால் கொடுத்த பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்வாளோ என்ற பயம்.

இப்போது அந்தக் கோட்டில் என் பெயரை எழுதினால், நானே முந்தானையை விரித்த மாதிரி ஆகிவிடாதா? அப்படித்தான் நினைத்தேன். இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? உன் உயிருக்காகத்தான் உன் படிப்பைத் தடுக்கிறேன் என்று ஒரு தாய் மகளிடம் சொல்லலாமா? அந்தப் பாரத்தை அவள் தலையில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்ற நினைப்பும் இருந்தது.

வீட்டுக்காரருக்குக் கோபம். "உனக்கு மானம் பெருசு புள்ள. எனக்கு முதுகு வலி பெருசு. அந்தப் புள்ளைக்கு எது பெருசுன்னு கேட்டியா?"

"நீங்க சும்மா இருங்க, மாரி அப்பா."

"மூணு வருஷமா சும்மாதானே உக்காந்திருக்கேன். இன்னும் எப்படிச் சும்மா இருக்குறது?"

மாரி சத்தம் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் என்னிடம் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள். வெளியே எல்லாரோடும் பர்மா பாஷைதான் பேசுவாள், அந்தப் பாஷைதான் அவள் வாயில் ஓடும். எனக்காக மட்டும் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவாள். அதுவும் நின்றுபோயிற்று. அம்மா என்ற வார்த்தை போய், "மே மே, சாப்பாடு வேண்டாம். மே மே, நான் கிளம்புறேன்" என்று பர்மா பாஷையில் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவாள். தப்பாக ஒரு வார்த்தை இருக்காது.

ஒரு நாள் தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். துணி தைக்கிற பேக்டரியில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்தாள். நான் தைத்துக்கொண்டிருந்த லொஞ்சியில் நூல் கோணலாகப் போய்விட்டது. பிரித்துத் தைத்தேன். மறுபடியும் கோணல்.

மாசி பிறந்தது. கெடு நெருங்கியது. சான்றிதழாவது அவளுக்குக் கிடைக்கட்டும் என்று, யாருக்கும் சொல்லாமல் வேண்டாம் என்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, படகு ஏறிப் போய்ப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் நம் கோயிலில் உட்கார்ந்து அழுதேன். "தாயே, உனக்குச் சொன்ன சொல்லும் உடையக் கூடாது. என் பிள்ளை மனசும் உடையக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் எனக்கு வழி தெரியவில்லை. நீ காட்டு." மூன்று வாரமாகக் கேட்டதும் இதே வார்த்தைதான். பூசாரி அம்மன் பாதத்தில் இருந்த செவ்வரளியை எடுத்துக் கொடுத்தார். வேறு ஒரு குறியும் தெரியவில்லை. கோபித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அம்மனிடம் நான் கோபித்துக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று எழுதுகிறவர்கள் பிள்ளையோடு வந்து ஒரு முறை பேச வேண்டுமாம். மாரிக்கு அப்போதுதான் நான் கையெழுத்துப் போட்டதே தெரிந்தது. படகில் என் பக்கத்தில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடியே வந்தாள்.

அலுவலகத்தில் டோ மியா என்ற அம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும். எல்லாம் பர்மா பாஷையில்தான் பேசினோம், நான் நம் தமிழில் எழுதுகிறேன்.

"இது விதி, சு சு அம்மா. கோவிச்சுக்காதீங்க. பிள்ளை நல்லாப் படிக்குது. நர்ஸ் ஆகணும்னு சொல்லுது. உதவி ஏன் வேண்டாம்?"

"எங்களால முடியும்."

அவர் என் விரல்களைப் பார்த்தார். ஊசி குத்தின விரல்களை நான் மடியில் மறைத்தேன்.

"முடிஞ்சா சந்தோஷம். எப்படின்னு மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

எழுதுவதற்குப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். அவர் சும்மா காத்திருந்தார். என் பிடிவாதம் உடைந்துவிட்டது. காய்ச்சல், மஞ்சள் சேலை, ஏழு வாசல், நான் கொடுத்த வாக்கு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினாறு வருடம் தமிழில் சொல்ல முடியாததை அந்த அம்மாவிடம் பர்மா பாஷையில் சொன்னேன். பக்கத்தில் மாரி இருக்கிறாள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. திரும்பிப் பார்த்தபோது அவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

டோ மியா பேனாவை மூடினார்.

"சாமிகிட்டக் கொடுத்த வாக்குல நான் கை வைக்க மாட்டேன். ஆனா இந்தக் காகிதத்துல பிள்ளை கையெழுத்தும் வேணும். அது இல்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லாத்தையும் கட்டி அனுப்பிடுவேன். அதுவரைக்கும் இது என் மேசையிலேயே இருக்கட்டும்." பிறகு மாரியைப் பார்த்து, "நீ இப்பப் போடுறியா?" என்றார்.

"வெள்ளிக்கிழமை வர்றேன், சயாமா" என்றாள் மாரி. பெண் ஆசிரியர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

திரும்பும்போது படகில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாதி ஆறு கடந்தபோது, மூன்று வாரத்துக்குப் பிறகு, தமிழில் பேசினாள்.

"அம்மா, அந்த மஞ்சச் சேலை இன்னும் இருக்கா?"

"பெட்டிக்குள்ள இருக்கு. எதுக்கு?"

"சும்மாதான்."

அம்மன் பிள்ளைகளே, இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை. குளித்து, விளக்கேற்றி, மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கும் அம்மன் படத்தின் முன் நின்றேன். கேட்பதற்கு எனக்கு வார்த்தை எதுவும் மிச்சம் இல்லை. சும்மா நின்றேன். அப்போது வாசலில் ஒரு குரல்.

"அம்மா தாயே, மடிப்பிச்சை."

திரும்பினேன். என் மஞ்சள் சேலையில் மாரி நிற்கிறாள். காலில் செருப்பில்லை. தினமும் தனாகா மரப்பட்டைச் சாந்து பூசுகிற கன்னத்தில் அன்று மஞ்சள். தலையில் வேப்பிலை. முந்தானையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருக்கிறாள். சேலை கட்டத் தெரியாத பிள்ளை அவள். சேலையில் ஆறு ஊக்கு, இடுப்பில் ஒரு பெரிய முடிச்சு. அது யார் போட்ட முடிச்சு என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் அப்பா வாசலுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். "மூட்டை கட்டுன கை புள்ள, முடிச்சு அவுறாது" என்றார். புதன்கிழமையே மகள் அவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

மஞ்சள் சேலையில் வந்து நிற்கிறவளை வெறும் மடியோடு அனுப்பக் கூடாது. அது நமக்குப் பால் குடிக்கும்போதே தெரியும். உள்ளே போய் இரண்டு கை நிறைய அரிசி எடுத்துவந்து அவள் மடியில் போட்டேன். அவள் நகரவில்லை.

"இன்னொண்ணும் வேணும்மா."

இடுப்பில் இருந்து காகிதத்தை எடுத்தாள். மெஷின் மேல் மூன்று வாரம் கிடந்த அதே விண்ணப்பம்.

"மாரி, நான்தான் சொன்னேனே..."

"நீங்க யார்கிட்டயும் கேக்காதீங்கம்மா. நீங்க சாமிகிட்டச் சொன்னது அப்படியே இருக்கட்டும். கேக்கிறது நான். எனக்காக நீங்க கேட்டீங்க. இப்ப எனக்காக நானே கேக்கிறேன். நான் இன்னும் சாமிகிட்ட அப்படி எதுவும் சொல்லலையே." தமிழ் வார்த்தை கிடைக்காமல் கொஞ்சம் நின்றாள். "நீங்க எனக்குக் குடுக்கிறீங்க. அவ்வளவுதான். குடுக்கிறது தப்பா?"

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். மூன்று வாரமும் கீழே இருந்த அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. மேலே முழுவதும் மாரியின் எழுத்து. கேட்கிறவர் என்ற இடத்தில் அவள் பெயர். என் கோட்டுக்குப் பக்கத்தில், என் பிள்ளை படிக்க நான் சம்மதிக்கிறேன் என்று பர்மா எழுத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தும் நான் படிக்கவில்லை. பயம் கண்ணை மறைத்துவிட்டது.

நடுவில் ஒரு வழி காட்டு என்று கேட்டேன். வழி என் வாசலிலேயே வந்து, என் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, மடியை ஏந்தி நின்றது. பதினாறு வருடத்துக்கு முன்னால் யாரைக் கொடு என்று கேட்டேனோ, அவளே வந்து என்னிடம் கேட்கிறாள். அவளை அனுப்பினது யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

மெஷின் பலகை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். காகிதத்தை மடித்து அவள் மடியில், அரிசியின் மேலேயே வைத்தேன். பிறகு மஞ்சள் பூசின அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, அரிசி கொட்டுது" என்றாள்.

மிச்சம் ஆறு வீட்டுக்கும் நான் அவள் பின்னாலேயே போனேன். அவள் அப்பாவும் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்தார். மொஹிங்காக்காரருக்கு இப்போது தலையெல்லாம் நரைத்துவிட்டது. அவர் மாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அன்னிக்கு அம்மா, இன்னிக்கு மகளா? உங்க வீட்டுல யாருமே சமைக்கிறதில்லையா?" என்றார். சொல்லிவிட்டு அன்றைக்கு மாதிரியே எழுந்து வந்து, இரண்டு கையாலும் போட்டார். அவர் என்னை மறக்கவில்லை. அவர் போட்டது எனக்குப் பாரமாக இருந்ததே தவிர, அவருக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மத்தியானப் படகில் போனோம். டோ மியா விண்ணப்பத்தைப் பிரித்தபோது மடிப்பில் இருந்து இரண்டு அரிசி மேசையில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. எடுத்துப் பேனா வைக்கிற தட்டில் போட்டார். நான் முன்னால் கொடுத்த காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அந்த அரிசியில் கோயிலில் பொங்கல் வைத்தோம். உங்களில் சிலர் வாங்கிச் சாப்பிட்டீர்கள். என்ன விசேஷம் என்று கேட்டீர்கள். அன்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இன்று சொல்லிவிட்டேன்.

பங்குனியில் பள்ளி முடிப்பு விழா நடந்தது. மேடையில் சு சு என்று கூப்பிட்டார்கள். அவள் அப்பா மட்டும் கீழே இருந்து "மாரி!" என்று கத்தினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு வெட்கமே இல்லை. வைகாசியில் கடிதம் வந்தது. படிப்புக்கு முழு உதவி, தங்கும் விடுதிக்குப் பாதி. மிச்சப் பாதிக்கு என் மெஷின் இருக்கிறது.

கடிதம் வந்ததால் மட்டும் நான் இந்தச் சாட்சி சொல்லவில்லை. வராமல் போயிருந்தாலும் சொல்லியிருப்பேன். எனக்கு அருள் கிடைத்தது அந்த வெள்ளிக்கிழமை காலை, என் வீட்டு வாசலில். பதினாறு வருடம் அம்மனை, கொடுத்ததைத் திரும்ப வாங்க வருகிறவள் என்று நினைத்துப் பயந்தேன். அவளோ என் சொல்லையும் காப்பாற்றினாள், என் பிள்ளையையும் காப்பாற்றினாள். இப்போது பக்கத்து வீட்டில் இருந்து கறி வந்தால், பாத்திரத்தைக் கழுவி வெறுமனே கொடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுசாக வரவில்லை. கை தானாக அரிசிப் பானைக்குப் போகிறது.

உங்களிலும் யாராவது, ஒரு கஷ்ட நேரத்தில் வாயில் வந்த வார்த்தையைக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்திருப்பீர்கள். அதை அவளிடமே கொண்டுபோய்ச் சொல்லுங்கள். கோபம் வந்தால் கோபித்துக்கொள்ளுங்கள், அவள் தாய்தான், தாங்கிக்கொள்வாள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உங்கள் வேலையைப் பாருங்கள். வாசலை மட்டும் சாத்திவிடாதீர்கள். யார் உருவத்தில் வந்து நிற்பாள் என்று நமக்குத் தெரியாது.

என் மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் விடுதியில் இருந்து படகேறி வருகிறாள். சைக்கா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் வந்து தெருமுனையில் இறங்கும்போதே அவள் குரல் கேட்கும். அம்மா என்று கூப்பிடுவாள். மெஷினை நிறுத்திவிட்டு நான் வாசலுக்குப் போவேன்.